பிக்கப்பின் எண்ணெய் டாங்கிக்கு நான் வைத்த வாய்

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், ஒன்றும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், மலாய்ப்பள்ளியில் மூன்று வருடம், அவ்வளவுதான் படிப்பு. நாலு பேர் முன்னால் பேசவும் எனக்கு வராது. என் பணி ஓய்வு விருந்தில் நன்றி சொல்ல எழுந்து நின்றவன், "சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். இப்படிப்பட்டவன் எழுதுகிறேன் என்று வந்திருப்பதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள்.

எழுதச் சொன்னது ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் நான் கடைசியாக வேலை செய்த பட்டறைக்காரர்கள். டீசல் விலை மறுபடி ஏறியதும் ஒருவர் தன் பிக்கப்பைக் கொண்டுவந்து, எண்ணெய் ஊற்றும் வாயைப் பெரிதாக்கி, பின்தட்டுக்கு மேலே வருகிற மாதிரி வைத்துத் தர முடியுமா என்று கேட்டாராம். பட்டறையில் இருந்து எனக்குப் போன் வந்தது. வேண்டாம் என்றேன். ஏன் அண்ணே என்றார்கள். போனில் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு தப்பிக்க வழி இல்லை.

வேலை கற்றுக்கொண்ட கதை பெரிதல்ல. காம்பாரில் லம்பம் எனப்படும் ஈயச் சுரங்கத்துக்குப் பம்பு பழுதுபார்த்துக் கொடுக்கும் சீனர் ஒருவரிடம் ஐந்து வருடம் இருந்தேன். முதல் வருடம் பட்டறையைக் கூட்டினேன். இரண்டாம் வருடம் அவர் வெல்டிங் செய்யும்போது இரும்பைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் வருடம் கையைச் சுட்டுக்கொண்டேன். அதற்குள் தொழில் வந்துவிட்டது. லம்பத்தை மூடியபோது செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பட்டறைக்குப் பிட்டர் தேவை என்று சொன்னார்கள். போனேன். எழுபதுகளின் கடைசி அது. ஆறு மாதம் தற்காலிகம். மேனேஜருக்குத் திருப்தியானால் வேலை நிரந்தரம், குடியிருக்க வீடும் கிடைக்கும். நான் சொல்லப்போவது அதில் நாலாவது மாதம் நடந்தது. அதுவரை நான் ஒரு ரப்பர் மரத்தைப் பாலுக்காகக் கீறி வெட்டியதில்லை, ஒரு பால் வாளியைத் தூக்கியதில்லை. பின்னால் தேவைப்படும் என்பதால் இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

மேனேஜரைப் பெரிய துரை என்போம். வெள்ளைக்காரர்கள் போன பிறகு வந்த நம்மவர். தமிழில் பேசுவார், குரலை உயர்த்தவே மாட்டார். யார் எதைச் சொன்னாலும் நம்பமாட்டார். கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு அவர் வைத்திருந்த கருவி பழைய செய்தித்தாள். பள்ளிக்கூடத்துக் கூரை ஒழுகுகிறது என்று வாத்தியார் மனுக் கொடுத்தால், தரையில் நாலு தாளை விரித்துவிட்டு மழைக்குக் காத்திருப்பார். தாள் நனைந்தால் தகரம் வரும். நனையாவிட்டால் வாத்தியார் தாளை மடித்துத் திருப்பித் தர வேண்டும்.

எண்ணெய் விலை ஏற ஆரம்பித்ததும் துரைக்கு நிம்மதி போயிற்று. பெட்ரோல் வண்டியை விற்றுவிட்டு டீசல் பிக்கப் வாங்கினார். அதிலும் ஆறுதல் இல்லை. மேட்டு டிவிஷனிலிருந்து இறங்கும்போது என்ஜினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு வரவேண்டும் என்று உத்தரவு போட்டார். வண்டியை ஓட்டியவர் முத்தையா அண்ணே. பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. மடியில் பேரேட்டை வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு வருவார்.

"கிராணியாரே, பிரேக்குப் போட்டா வேகம் போயிரும். அப்புறம் ஆபீசு வரைக்கும் நீங்கதான் எறங்கித் தள்ளணும். போடவா, வேணாமா?"

"வேணாம்... ஐயோ, போடுங்க! போடுங்க!"

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கலா. வளைவு வருது."

ஒரு நாள் மழை விட்ட பிறகு துரை பட்டறைப் பக்கம் வந்தார். பிக்கப்புக்கு எண்ணெய் பிடிக்கும் இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதன்மேல் நீலமும் ஊதாவுமாகப் படலம். துரை அதை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார்.

"இது யாரோட எண்ணெய்?"

"நம்மளோடதுதான் தொரை," என்றார் முத்தையா அண்ணே.

"அப்ப ஏன் தரையில இருக்கு?"

பதில் என்னவோ சுலபமானதுதான். அந்தப் பிக்கப்பின் எண்ணெய் வாய் பக்கவாட்டில், முழங்கை மடக்கிய மாதிரி வளைந்த ஒடுங்கிய குழாய். டிரம்மிலிருந்து கைப்பம்பைச் சுற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழி தெரியாமல் முட்டும். டீசல் நுரைத்துக்கொண்டு திரும்பி வரும். முத்தையா அண்ணே பம்பைப் பத்துச் சுற்றுச் சுற்றுவார். நிறுத்துவார். குழாயில் காதை வைத்து நுரை அடங்குகிறதா என்று கேட்பார். பிறகு பத்துச் சுற்று. ஒரு டாங்கி நிரம்ப அரை மணி நேரமாகும். அவர் சட்டைக் கையும் காதும் எப்போதும் டீசல் நாற்றம் அடிக்கும்.

துரை என்னைப் பார்த்தார். "நீ பிட்டர்தானே?"

எனக்கு யோசனை அன்றைக்கே வந்துவிட்டது. வளைந்த குழாய் வேண்டாம். டாங்கியின் மேல்பக்கத்தில் துளை போட்டு, நேராக ஒரு பெரிய குழாயை மேலே ஏற்றி, பின்தட்டின் தரை வழியாக வெளியே கொண்டுவந்து, அகலமான வாய் வைத்துவிட்டால் போதும். காற்றுப் போக ஒரு சிறிய செம்புக் குழாய் தனியாக. பிக்கப்பை டிரம் நிற்கும் மேடைக்குக் கீழே நிறுத்தினால் எண்ணெய் தானாக இறங்கும். பம்பே வேண்டாம்.

டாங்கியைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் மூன்று முறை கழுவி, வெடிக்காமல் இருக்க முக்கால்வாசி தண்ணீர் நிரப்பிக்கொண்டு வெல்டிங் செய்தேன். அகலமான வாய்க்கு எங்கே போவது? பட்டறைக்குப் பின்னால், கழித்துப் போட்ட பழைய பால் டிரைலர் ஒன்று கிடந்தது. தோட்டத்தில் பால் என்றால் ரப்பர் பால். வெட்டுகிறவர்கள் கொண்டுவரும் பாலை டிராக்டர் இழுக்கும் அந்த மாதிரி டிரைலரில்தான் ஊற்றுவார்கள். அதன் மேல்வாய் இரும்பு வளையம், உள்ளே பித்தளை வடிகட்டி, கையால் தள்ளினால் திறக்கும் கீல் வைத்த வட்ட மூடி. டீசலில் வரும் தூசியையும் வடிகட்டுமே என்று அதை அப்படியே அறுத்து எடுத்துப் பிக்கப்பில் பொருத்தினேன். மிச்சம் கொஞ்சம் பச்சைப் பெயிண்டு இருந்தது. அதையும் அடித்தேன்.

எண்ணெய் பிடித்துக் காட்டும் நாளில் துரை வண்டிக்கு அடியில் பன்னிரண்டு தாள் செய்தித்தாளை விரிக்கச் சொன்னார். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். முத்தையா அண்ணே குழாயைத் திறந்தார். நாலே நிமிடம். நுரை இல்லை, சத்தம் இல்லை. துரை மண்டியிட்டுத் தாள்களை ஒவ்வொன்றாக உருவி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ஒன்பதாவது தாளில் ஒரு சொட்டு இருந்தது. முகர்ந்தார்.

"இது என்ன?"

"என் வேர்வை தொரை."

துரை தலையாட்டினார். என் பக்கம் திரும்பி, "குட்" என்றார். அந்தத் தோட்டத்தில் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி யாரும் கேட்டதில்லை என்று கிராணி பிறகு சொன்னார். வீடு கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

மூன்று வாரம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒரு நாள் காலை, பால் டிரைலரின் அச்சு உடைந்தது. பால் எடுக்கிற நேரம். காக்கவைத்தால் பால் வாளியிலேயே உறைந்துவிடும். துரை, "பிக்கப்பை அனுப்பு" என்றார். பின்தட்டில் நாலு டிரம் ஏற்றினோம். இலை, தழை விழாமல் இருக்க டிரம்களின் வாயைச் சாக்குப் போட்டு மூடினோம். என் பச்சை வாய் அவற்றுக்குப் பின்னால், ஏறுகிற பக்கமாக இருந்தது. முத்தையா அண்ணே வண்டியைக் கொண்டுபோய் பால் நிறுக்கும் இடத்தில் நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனார்.

அங்கே வழக்கம் என்னவென்றால், வரிசையில் வரும் ஒவ்வொருவர் வாளியையும் மண்டோர் நிறுப்பார். மண்டோர் என்பவர் வெட்டுக்காரர்களை மேய்க்கிறவர். அவர் பெயர் கோவிந்தன். அவர் எண்ணைச் சொன்னதும் வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டு படி ஏறி, இடது கையால் டிரைலரின் மூடியைத் தள்ளி, வலது தொடையில் வாளியை முட்டுக்கொடுத்து ஊற்றிவிட்டு இறங்க வேண்டும். பின்னால் ஆள் நிற்கும். நின்று பார்க்க நேரம் கிடையாது.

அன்று முதல் ஆள் லெட்சுமி அக்கா. பதினேழு வருடமாக அந்தத் தோட்டத்தில் வெட்டுகிறவர். புருஷன் இல்லை. மூன்று பெண் பிள்ளைகளும் மாமியாரும் அவர் கையை நம்பி இருந்தார்கள். வாய் பெரிது. நான் வந்த புதிதில், "காம்பார்த் தம்பிக்குப் பாலுன்னா பசு குடுக்கும்னுதான் தெரியும்" என்று வரிசையில் நின்றவர்கள் எல்லாரையும் சிரிக்கவைத்தவர். நிறுத்தார்கள். ஏறினார். வட்ட மூடி, பித்தளை வடிகட்டி. இரண்டு வாளிப் பாலையும் பிக்கப்பின் எண்ணெய் டாங்கியில் ஊற்றிவிட்டு இறங்கினார்.

அடுத்து ஏறிய பெண் மூடியைத் தள்ளியதும், "அக்கா, பாலு மஞ்சளா இருக்கு!" என்று கத்தினாள். பால் கனம், அடியில் போய்விட்டது. டீசல் மிதந்து வாய்வரை வந்து நின்றது.

கத்தல் கேட்டு ஓடிவந்த முத்தையா அண்ணே, முதலில் வண்டியை நிழலுக்கு நகர்த்துவோம் என்று என்ஜினைக் கிளப்பினார். முப்பது அடி போய் நின்றது. டிராக்டர் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள். டாங்கியின் அடித் திருகாணியைக் கழற்றினேன். கொஞ்சம் டீசல் வந்தது. பிறகு வெள்ளையாக ஒரு நூல் எட்டிப் பார்த்தது. இழுத்தேன், வந்தது. இழுக்க இழுக்க வந்தது. முத்தையா அண்ணே அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு பட்டறையைத் தாண்டி, சாலையைத் தாண்டி, கோழிக் கூண்டுவரை நடந்தார்.

"இன்னும் வருதா தம்பி?" என்று அங்கேயிருந்து கேட்டார்.

"வருது அண்ணே."

"நான் அப்பிடியே செமோருக்குப் போயிட்டு வாரேன்."

நூல் அறுந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. முத்தையா அண்ணே ஸ்டோரிலிருந்து ஆசிட் கொண்டுவந்தார். பால் உறையச் செய்ய அங்கே அதைத்தான் ஊற்றுவார்கள். "ஊத்து தம்பி. கட்டியாயிரும். அப்பிடியே தூக்கிரலாம்" என்றார். ரப்பர் விஷயத்தில் அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஊற்றினேன். மறுநாள் காலை பார்த்தால் நன்றாகக் கட்டியாகியிருந்தது. அப்போதுதான் இரண்டு பேருக்கும் தோன்றியது: கட்டி டாங்கி அளவு, வாய் தட்டு அளவு.

குழாயை வண்டியிலேயே விட்டு டாங்கியை மட்டும் அறுத்து இறக்கி, வெட்டித் திறந்தோம். உள்ளே அச்சாக இன்னொரு டாங்கி. மூலை, மடிப்பு, என் வெல்டிங் தழும்பு எல்லாம் ரப்பரில் பதிந்திருந்தது.

"இதையே மாட்டிரலாம்லா. துருப் புடிக்காது," என்றார் முத்தையா அண்ணே.

மூன்றாம் நாள் பகல் ஆபீஸ் வாசலில் விசாரணை. மேசைமேல் செய்தித்தாள் விரித்து அந்த ரப்பர் டாங்கியைச் சான்றாக வைத்திருந்தார்கள். அது டீசலாக வியர்த்துக்கொண்டிருந்தது. துரை நடுவில், கிராணி எழுத, மண்டோர் ஒரு பக்கம், நானும் முத்தையா அண்ணேயும் சாட்சிகள். கிராணியின் கோப்பில் லெட்சுமி அக்காவுக்கு இருபத்து நாலு மணி நேர நோட்டீஸ் ஏற்கெனவே தட்டச்சு செய்து இருந்தது. துரை கையெழுத்துப் போட்டால் வேலை போகும். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். ஐந்து பேர் சாமானைத் தூக்கிக்கொண்டு சாலையில் நிற்க வேண்டும். அது எல்லாருக்கும் தெரியும்.

லெட்சுமி அக்காவிடம் அந்தப் பெரிய வாய் அன்று இல்லை.

"மூடி இருந்திச்சி தொரை. தெறந்தேன். வடிகட்டி இருந்திச்சி. ஊத்தினேன்."

"டீசல் நாத்தம் வரலியா?"

"விடியக்காலையிலேர்ந்து பால் நாத்தத்துல நிக்கிறேன். எனக்கு வேற என்னா நாத்தம் தெரியும்?"

துரை மண்டோரைப் பார்த்தார். "கண்ணு உள்ளவங்க யாரும் செய்யமாட்டாங்க தொரை," என்றார் மண்டோர். "டிரம்மு நாலு கண்ணு முன்னாடி நிக்குது. இது அசட்டை."

"பிட்டர், நீ என்ன சொல்றே?"

அந்த வாயை நான் வைத்தது தப்பு என்று மூன்று நாளாகத் தெரியும். சொன்னால் ஆறு மாதம் அன்றோடு முடியும். சொல்லாவிட்டால் அந்தக் கோப்பு திறக்கும். நான் நினைத்ததைச் சொல்லாமல், வாயில் வந்ததைச் சொன்னேன்.

"செஞ்சு பாத்துரலாம் தொரை."

துரைக்கு அந்தப் பேச்சுப் பிடித்துவிட்டது. உடனே பிக்கப்பைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னார். டாங்கி இல்லாததால் என் குழாயின் அடிமுனை வண்டிக்குக் கீழே திறந்தபடி இருந்தது. அதற்கு நேராகத் தாள் விரித்தார்கள். நாலு டிரம், சாக்கு மூடி, எல்லாம் அன்றைக்கு மாதிரியே. எட்டு வெட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீர் கொடுத்து, "எப்பவும் ஊத்துற மாதிரி ஊத்துங்க" என்றார்.

முதல் ஆள் என் வாயில் ஊற்றினான். இரண்டாவது ஆளும் அப்படியே. ஏழு பேரும் வரிசையாக அதிலேயே ஊற்றினார்கள். எட்டாவது ஆள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஊற்றினான். தாள்கள் மிதந்தன.

"இவங்க எல்லாம் அவளுக்காக ஊத்துறாங்க," என்றார் துரை. அவர் சொன்னது சரிதான். தோட்டம் முழுக்கக் கதை தெரியும். கண்ணை மூடிய ஆள் காரியத்தைக் கெடுத்தான். துரை கோப்புக்குக் கையை நீட்டினார்.

அப்போது பேசியது நான்தான் என்று முத்தையா அண்ணே பிற்பாடு சொன்னார். எனக்கு என் குரல் மாதிரியே கேட்கவில்லை.

"தப்பு அக்கா மேல இல்ல தொரை. அது பால் டிரைலரோட வாய். நான்தான் அறுத்து வச்சேன்."

"வைக்கிறப்ப தெரியலியா?"

"தெரியல தொரை. நான் பால் வாளி தூக்குனதே இல்ல. தூக்கியிருந்தா வச்சிருக்க மாட்டேன்."

லெட்சுமி அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். மண்டோர் சிரித்தார். "வாய் எதுவா இருந்தா என்னா தொரை? பாக்கணும்ல? எப்பிடின்னு நான் காட்டுறேன்."

புதுத் தாள் விரித்தார்கள். மண்டோர் கோவிந்தன் முப்பது வருடத்துக்கு முன்னால் வெட்டுக்காரராகச் சேர்ந்து மேலே வந்தவர். சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாளியைத் தூக்கினார். எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பிப் பாடம் நடத்திக்கொண்டே படியில் ஏறினார்.

"மொதல்ல நின்னு பாக்கணும். எது டிரம்மு, எது டாங்கின்னு பாக்கணும். அவசரப்படக் கூடாது. அப்பறம் சாக்க எடுத்துட்டு..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய இடது கை பச்சை மூடியைத் தள்ளியது. வாளி வலது தொடையில் ஏறியது. "...மெதுவா ஊத்தணும்" என்று முடித்தார். தண்ணீர் முழுவதும் என் குழாய் வழியாகத் தாளில் விழுந்தது. சத்தம் கேட்டுத்தான் அவர் குனிந்து பார்த்தார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் அதுவும் சேர்ந்து செய்தது என்று ஆகிவிடும். துரை மண்டியிட்டுத் தாளை உருவினார். அது அவர் கையிலேயே இரண்டாகக் கிழிந்தது. கிராணியிடம் கேட்டார்:

"மண்டோர் லெட்சுமிக்கு வேண்டியவரா?"

"இல்லீங்க தொரை. தண்ணிக் கொழாய்ச் சண்டையில ரெண்டு பேரும் பேச்சு நின்னு மூணு வருசமாவுது."

"நாலு," என்றார் லெட்சுமி அக்கா.

துரை கோப்பைத் திறந்து நோட்டீசை எடுத்தார். கிழித்துப் போடவில்லை. தாளை வீணாக்குகிறவர் இல்லை அவர். திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்தார். பிட்டர் அந்த வாயை உடனே அடைக்க வேண்டும், அவருடைய தற்காலிகக் காலம் ஆறு மாதத்திலிருந்து ஒன்பது மாதமாகிறது என்று இருந்தது. லெட்சுமி அக்கா பெயர் மறுபக்கத்தில் கையெழுத்து இல்லாமல் இருந்தது.

மறுநாள் காலை மழை. பால் வெட்டு இல்லை. நான் பின்தட்டுத் துளைக்கு ஒரு தகடு வெட்டி வைத்து வெல்டிங் செய்தேன். பதினொரு மணிக்கு ஈப்போவிலிருந்து வேறு டாங்கி வந்தது, வளைந்த குழாயோடு. சாயங்காலத்துக்குள் மாட்டிவிட்டோம். எண்ணெய் பிடிக்க முப்பத்தைந்து நிமிடம் ஆனது.